பிட்டுப் பானைக் கதையைக் கட்டியது நான்தான், அத்தான்

என் அன்புள்ள அத்தான்,

அக்கா சுகம். உங்கள் கதிரையில் ஒருவரையும் இருக்க விடமாட்டா. என்னை மட்டும் விடுவா. அதன் கால் ஆடுகிறதாம்.

என் சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்கக் கொடுக்க, நீங்கள் வேலை செய்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்குப் போனேன். சாயத்தைச் சூடாக்கும் தொட்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பழுதாகாமல் வைக்கும் ஃபோர்மலின் திரவத்தில் பல வருடம் கிடந்த மூளைத் துண்டில் குளிர்ந்த சாயம் சரியாகப் பிடிக்காது, சூடு காட்டினால்தான் நரம்புக் கலங்கள் தெளிவாகத் தெரியும் என்று அங்குள்ள பிள்ளை எனக்கே விளக்கம் சொன்னாள். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

சண்டை நின்று பாதை திறந்த வருடம் நீங்கள் அதைத்தானே செய்தீர்கள்? நெருப்பு நேரே பட்டால் கண்ணாடி வெடிக்கும் என்று அக்காவின் புதுப் பிட்டுப் பானையைக் கொண்டுபோய், அதன் ஆவியில் சாயக் கிண்ணத்தை வைத்தீர்கள். என்னைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் காட்டினீர்கள். ஊதா ஊதாவாய், எவ்வளவு வடிவு! உங்களைப் புகழ்ந்துவிட்டு நேரே நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன்.

“அத்தான் மூளைப் பிட்டு அவிக்கிறார், நானா.”

“அல்லாவே! அந்தப் பானையை இந்தப் பக்கம் கொண்டு வந்திராதீங்கோ, மாஸ்டர்!”

கடை முழுக்கச் சிரித்தது. எனக்கு அது போதும். அந்தக் கதை பஸ் ஏறி ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிப் போகும், அந்த மூளைக்குரியவரின் சனம் அழுதுகொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் என்று கண்டேனா? மேலதிகாரி பானையை உங்கள் கையில் தந்து, இனி இந்தச் சாயம் போடும் வேலை வேண்டாம் என்றுவிட்டார்.

அன்று பின்னேரம் கேட்டீர்கள்: “ஆர் மச்சான் வெளியில கதைச்சது? ஆய்வுகூடத்தில பானை கழுவின பாக்கியமோ?”

“அப்பிடித்தான் இருக்கும், அத்தான்.”

அதற்குப் பிறகு பாக்கியமக்காவோடு நீங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவேயில்லை. உங்கள் செத்தவீட்டுக்கு வந்தவா, உள்ளே வராமல் றோட்டிலேயே நின்றுவிட்டுப் போனா. நான் கண்டேன்; கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

வருகிற திவசத்துக்கு நானே அவாவின் வீட்டுக்குப் போய்க் கூட்டிவருவேன். சோறு போட முதல், அக்காவும் சனமும் கேட்க, கதை கட்டியதும் அவா மேல் பழி போட்டதும் நான் என்று சொல்லுவேன். பகிடி விடமாட்டேன். அக்கா அகப்பையைத் தூக்கினால் வாங்கிக்கொள்ளுவேன். பாக்கியமக்கா மன்னிக்காமல் எழும்பிப் போனால், அவா செய்வதுதான் சரி என்றும் சொல்லுவேன்.

உங்களிடம் பொய் சொன்ன,
உங்கள் மச்சான்