வீட்டுக்காரர் நுழைய முடியாத பூட்டு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று மத்தியானம் தெருவில் யாரோ எதையோ குலுக்கிக்கொண்டு போனார்கள். காதில் அது சாவிக்கொத்துச் சத்தமாக விழுந்தது. அடுப்பில் கொதித்த கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கை சுட்டுவிட்டது. இத்தனைக்கும் இது செல்லூரில் எங்கள் சொந்தக் கூரை. நீங்கள் செத்தும் மாதக்கணக்கு ஆகிவிட்டது ஐயா.

யுத்தத்துக்கு முந்தி உங்கள் வளவில் நாங்கள் குடியிருந்த காலம் அப்படி. ஒரே முற்றம், சுற்றிலும் வீடுகள், எல்லாம் உங்களுடையவை. நீங்கள் கவிச்சி தொடாதவர். எங்களையும் தொடக்கூடாது என்று சொல்லித்தான் வீடு விட்டீர்கள். நாங்களும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தோம். மில்லில் பஞ்சைத் தின்றுவிட்டு வருகிற மனிதருக்குக் கருவாட்டு வாசனை காட்டாமல் சோறு இறங்குமா? வளவு முழுக்க ஒளித்து ஒளித்துத்தான் சமைத்தோம்.

ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி. ஒன்று குடியிருப்பவருக்கு. மற்றது உங்கள் வெள்ளி அரைஞாணில் கோத்த கொத்தில். நாங்கள் வெளியே போனால் நீங்கள் உள்ளே வருவீர்கள். சட்டியை மோந்து பார்ப்பீர்கள். பானையைக் கவிழ்த்துப் பார்ப்பீர்கள். நான் துணி வைக்கிற பெட்டியைக்கூட விடவில்லை.

எதிர்வீட்டுச் செல்லம்மா மதினியின் அடுப்படியில் நெத்திலித் தலை கிடைத்தது என்று, அன்றைக்கே சாமானை மழையில் தூக்கிப் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு நிறைமாதம். “ஐயா, பேறுகாலம் முடியட்டும்” என்று காலில் விழுந்தாள்.

“அதுக்குத்தான் சத்திரம் கட்டி வச்சிருக்கு” என்றீர்கள்.

சத்திரத்தில்தான் பெற்றாள். அன்றைக்கு உங்களை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். முகத்தில் சிரிப்புக்கு மட்டும் குறை வைக்கவில்லை. அடுத்துத் தெருவில் கிடக்கப்போவது என் சாமான்தான் என்று எனக்குத் தெரியும்.

திண்டுக்கல்காரர் ஒருவர் பூட்டுகளைத் தோளில் மாலையாகப் போட்டு விற்றுக்கொண்டு வந்தார்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரர் உள்ள வரமுடியாதபடிக்கு ஒரு பூட்டு வேணும்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏந்தாயி, குடிச்சுப்போட்டு வந்து அடிக்கிறாரா?”

“அதெல்லாம் இல்லண்ணே. வந்து சட்டியை மோந்து பாக்குறாரு.”

“பசியா இருக்கும் தாயி. சோத்தைப் போட்டு அனுப்புவியா, இதுக்குப் போயி பூட்டுக் கேக்குற?”

“என்னையக் கட்டுனவரு இல்லண்ணே, வீட்டைக் கட்டுனவரு!”

சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. உங்கள் பூட்டை மாதிரிக்கு வாங்கிப் போய், அடுத்த நடையில் பார்வைக்கு அதே போல இன்னொன்று கொண்டுவந்தார். அதைத் திறக்கிற சாவி எங்களிடம் மட்டும். உங்கள் பழைய சாவியோ வேறு சாவியோ போட்டால் உள்ளே போகும், பாதி திரும்பும். அப்புறம் பூட்டு அதைக் கவ்விக்கொள்ளும். முன்னாலும் வராது, பின்னாலும் வராது. பக்கவாட்டில் ஒரு தகட்டை நகர்த்திக் குட்டிச்சாவி போட்டால்தான் விடும்.

அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் வளவே வைகைக்குக் கிளம்பியது. நான் மட்டும் ஒரு கருவாட்டுத் துண்டைத் தணலில் போட்டுவிட்டுப் பூட்டினேன். உங்கள் வாசலில் நின்று, “ஐயா, பொழுது சாயத்தான் வருவோம்” என்று சொல்லிக்கொண்டும் போனேன். மரியாதை முக்கியம் அல்லவா?

எல்லோரும் திரும்பி வந்தபோது, உங்கள் தொப்பை என் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பூட்டின் வாயில் சாவி, சாவி கொத்தில், கொத்து அரைஞாணில், அரைஞாண் உங்கள் இடுப்பில்.

“என்னங்கய்யா, அழகரைச் சேவிக்காம எங்க கதவைச் சேவிச்சிக்கிட்டு நிக்கிறீக?”

“வாயை மூடிட்டுத் தொற புள்ள.”

“எம்புட்டு நேரமா நிக்கிறீகளோ, பாவம். அரைஞாணை அறுத்து விட்டுரட்டுமா?”

“நான் என்ன பொணமாடி?” என்று சீறினீர்கள்.

பிணத்துக்குத்தான் அதை அறுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே கேட்டேன். என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். “போதும், விட்ரு.” நான் விடவில்லை.

“உள்ள என்ன தேடி வந்தீக? அதைச் சொல்லுங்க, தொறக்குறேன்.”

“கருவாடு!” என்று கத்தினீர்கள். வளவு பூராவும் கேட்டது. உள்ளேயிருந்து வாசனையும் வந்து சாட்சி சொன்னது.

கடைசி வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “கருவாடா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா கிண்ணத்துல குடுத்து விட்டிருப்பேனே ஐயா!”

“திங்க இல்லடி! இருக்கான்னு பாக்க வந்தேன்.”

“இருக்கான்னு பாத்துட்டுத்தானே திங்க முடியும்?” என்றேன்.

ஈரத்துணியோடு நின்ற சனம் சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாக்கள் பறந்துவிட்டன. செல்லம்மா மதினி வீடு சும்மாதானே கிடக்கிறது என்று மெதுவாகக் கேட்டேன். “வரச் சொல்லித் தொலை” என்றீர்கள். அதற்குப் பிறகுதான் குட்டிச்சாவியை எடுத்தேன். மறுநாளே கைக்குழந்தையோடு மதினி வந்துவிட்டாள். எங்களைக் காலி செய்யச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. சொன்னால், கருவாடு கிடைக்காத கோபம் என்று ஊர் பேசும். அன்றிலிருந்து மேலமாசி வீதி வரைக்கும் நீங்கள் ‘கருவாட்டு ஐயா’.

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்கிறார்கள். நானும் தேடித்தான் பார்த்தேன். மழையில் ஊறிக் கிடந்த மதினியின் பாய்தான் கண்ணுக்கு வருகிறது. உங்கள் அரைஞாணைக் கடைசியில் அறுத்தபோது சாவிக்கொத்து தரையில் விழுந்து சத்தம் போட்டதாம். பக்கத்தில் இருந்து கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. உங்களை மன்னிக்கவும் இல்லை, அந்தப் பூட்டை விடவும் இல்லை. வளவைக் காலி செய்தபோது கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது இந்தக் கதவில்தான் தொங்குகிறது.

இன்று காலை நான் கதவைப் பூட்டிவிட்டுத் தண்ணீருக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்காரர், என்னைக் கட்டினவர், சைக்கிள் சாவியை வீட்டுச் சாவி என்று நினைத்து அதில் போட்டுத் திருகினார். பூட்டு கவ்விக்கொண்டது. குட்டிச்சாவி வீட்டுக்குள் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. அவர் மில்லுக்கு நடந்து போயிருக்கிறார்.