புதுப் பெட்டியில் ஓடாத கொழுந்து லொறி

9 ஒக்டோபர் 2001, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, மூன்றாம் கம்பியூட்டரைத் திறந்து எறும்பைத் தட்டியது. பிறகுதான் தேநீர். இரவெல்லாம் மழை. கடைக்குள் ஈர வாடை.

கேம் கடை என் வீட்டுக்காரர் இவருடையது. நான்கு பெட்டி, நான்கும் கிழடு. இரத்தோட்டை இளவட்டங்கள் இப்போது மாத்தளைக்கு பஸ் ஏறுகிறார்கள். அங்கே புது ஃபுட்போல் கேம். ஓடும்போது ஆட்டக்காரனின் சட்டை காற்றில் அசைகிறதாம். நம் பெட்டியில் போட்டால் நின்று நின்று வருகிறது. ஒரு சட்டை அசைவதற்காகப் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கிறது.

"நாலையும் குடுத்துட்டு ரெண்டு புதுசு எடுக்கிறேன். இல்லேன்னா கடைய பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார்.

சரி என்றேன். அவர் சொல்வது நியாயம். ஆனால் பள்ளியில் கணக்கைப் பலகையில் இரண்டு முறை தப்பாக எழுதினேன். பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

என் லொறி என்னாகும்?

வாங்க: உப்பு, மெழுகுதிரி, பிளொப்பி.

10, புதன்

வெயில். மாலையில் கார்மென்டில் தைக்கும் பெண்கள் வந்தார்கள். மாத்தளை பஸ்ஸில் இறங்கி, தோட்டத்து பஸ் வரும்வரை நம் கடையில்தான். அவர்களுக்கு ஃபுட்போல் வேண்டாம். நான் எழுதிய கேம்தான் வேண்டும். மலையிலிருந்து ஃபெக்டரிக்குத் தேயிலைக் கொழுந்து லொறியை இறக்க வேண்டும், மூட்டை விழக் கூடாது. பஸ் வருமுன் ஒரு நடை முடிந்துவிடும். அப்படித்தான் அளந்து செய்தேன்.

பழைய பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு வளைவுக்கு மேல் வரைய வலு இல்லை. அடுத்தது கண்ணுக்குத் தெரியாது. முதல் நாளே அவர்களில் செல்வி கேட்டாள், "டீச்சர், ஹோர்ன் எங்க?" நான் நினைக்கவே இல்லை. இந்த மலையில் ஹோர்ன் அடிக்காமல் யார் வளைவில் திரும்புகிறார்கள்? சேர்த்தேன். எதிரே வண்டி வந்தால் பதில் ஹோர்ன் கேட்கும். இப்போது அதுதான் கேமே.

"முடக்கு வருது, அடிடி. தூங்குறியா?"

"நீ ஓட்டுனப்போ எத்தன மூட்டை விழுந்துச்சு? வாய மூடு."

இவ்வளவு சிரிப்பு வேறு எதற்கும் இந்தக் கடையில் கேட்டதில்லை.

12, வெள்ளி

புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. கண்டியிலிருந்து வேனில் கொண்டுவந்தார். செக்பொயிண்டில் இறக்கித் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வயரைப் பார்த்ததும் குண்டோ என்று அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கடைசியில் ஒரு ஆமிக்காரன், கிரிக்கெட் கேம் இருக்கிறதா என்று கேட்டானாம். சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

சட்டை நிஜமாகவே அசைகிறது. புல்லும் அசைகிறது.

பெண்கள் வந்ததும் என் லொறியைப் புதுப் பெட்டியில் போட்டார், எனக்காகத்தான். செல்வி விரலை வைக்குமுன் லொறி பள்ளத்தில். மறுபடியும். மறுபடியும் பள்ளம்.

"டீச்சர், டிரைவர் கசிப்பு போட்டிருக்காரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. லொறி மெதுவாகப் போக வேண்டும் என்று, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் பெட்டியை வெறுமனே எண்ணச் சொல்லியிருந்தேன். பழையது மூச்சு வாங்கி எண்ணும். புதியது கண் இமைப்பதற்குள் எண்ணி முடித்துவிடுகிறது. பெட்டியின் சோம்பலை நம்பிப் பாதை போட்டிருக்கிறேன்.

13, சனி

டியூஷன் வகுப்பை சீக்கிரம் விட்டேன். எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு புதுப் பெட்டியில் சரியாக இறங்கியது. அடுத்ததில் ஆமை மாதிரி. அது கொஞ்சம் மட்டமான சரக்கு என்கிறார் இவர். அப்படியென்றால் ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் நான் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தைக் கேட்டு லொறியை நகர்த்துவதுதான் முறை. அதற்கு அடியிலிருந்து எழுத வேண்டும். இதுவரை எழுதியது இரண்டு வருட வேலை.

பிறகு மின்வெட்டு. சும்மா உட்கார முடியவில்லை. பாலம் வரை நடந்து திரும்பினேன். புதுப் பெட்டியில் மலைப் பாதை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டலாம். காட்டினால் யார் ஹோர்ன் அடிப்பார்கள்? அத்தனை வலுவையும் வைத்துக்கொண்டு பாதையை மறைக்கத்தான் வேண்டும். பனி மூட்டம். பழையதில் வரைய முடியாமல் போன மூட்டம். அடுப்படியிலும் அதே நினைப்பு. ரொட்டி கருகிவிட்டது.

14, ஞாயிறு

காலையில் பழைய சாமான் வாங்கும் உக்குவளை நானா பெட்டிகளை எடுக்க வந்தார். வேனில் மூன்றுதான் ஏறின.

"மத்தது எங்க டீச்சர்? ஒளிச்சு வச்சிட்டீங்களா?"

எனக்கும் தெரியவில்லை. அவர் போனதும் இவர் என்னைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். அரிசி டின்னுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, நான்காவதைப் படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார்.

"உன் லொறி ஓடணும்ல. இது யாருக்கும் இல்ல, உனக்குத்தான்."

அழுகை வந்தது. இப்படி அவர் யோசிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினேன். அழகாக இறங்கியது, ஒரு மூட்டை விழவில்லை. பார்க்க யாருமில்லை. செல்வியை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைக்கவா? இது இங்கே இருக்கும்வரை நான் புதிதாக ஒரு வரி எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இவர் முகம் எப்படிப் போகும் என்றும் தெரியும். இருந்தாலும் நாளை பள்ளிக்குப் போகும் வழியில் நானாவுக்கு டெலிபோன் பண்ணி, நான்காவதையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன்.