நாலாம் நம்பர் ஆஸ்பத்திரியின் சோப்பு

ஜூன் 9, திங்கள்

சோப்பில் எழுத்து அழியவே இல்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கை கழுவும் பேசின் ஓரம், நீல டப்பாவில் சிவப்பு சோப்பு. மேலே பொறித்த எழுத்து கடையில் வாங்கிய அன்று போல அப்படியே. ஆனால் பிரித்து நாளாகியிருக்கும். நடுவில் வெடிப்பு.

நல்ல வெயில். ஏழரைக்கே பஸ்ஸில் புழுக்கம்.

இது போன வருஷ டைரி. அம்மா வேலை செய்கிற குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி கொடுத்தது. எழுதாத பக்கம் நிறைய. கிழமையை மட்டும் அடித்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஐந்து நாள் வேலைதான். தொண்டு நிறுவனத்து ஜெயந்தி மேடம் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் அம்மாவிடம் ஆள் கேட்டார். எழுதத் தெரிய வேண்டும், வாயாடியாக இருக்கக் கூடாது. அம்மா சிரித்துவிட்டாள். "பேசாத பொண்ணுன்னா அது எங்க வூட்டுலதான் மேடம் இருக்குது."

கம்மாபுரம் ரோட்டில் இருக்கிற ஒரு ஊரின் ஆஸ்பத்திரி. ஊர்ப்பெயர் எழுதக் கூடாதாம். படிவத்தில் "நிலையம் 4" என்றுதான் போட வேண்டும். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, நர்ஸம்மா ஒவ்வொருவரையும் பார்ப்பதைப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். பன்னிரண்டு கேள்வி. ஆம் / இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா?
உட்காரச் சொன்னாரா?
தொடும் முன் கை கழுவினாரா?
மாத்திரை எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னாரா?
இப்படியே.

மேடம் சொன்ன சட்டம்: பேசாதே, சிரிக்காதே, எதையும் தொடாதே. "நீ போய் உதவி பண்ணினா அப்புறம் அது அவங்க மார்க் இல்ல, உன் மார்க்."

இன்று 14 பேர். எல்லாமே ஆம். பேசினுக்குக் கீழே ஒரு பக்கெட்டில் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் நர்ஸம்மா சொம்பில் மொண்டு கை கழுவி, என் பக்கம் கையைத் தூக்கிக் காட்டினார். "பாத்துகினியா பேப்பர் பொண்ணு? எழுதிக்கோ."

வீட்டுக்கு வந்து பார்த்தால் அக்காவின் கடிதம். ஏழு வரி. ஞாயிறு வருகிறாள்! முதல் பிரசவம் அம்மா வீட்டில்தானே. அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள் என்பதால் எங்களுக்கு டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் காட்டுகிற புத்தகம் இல்லை. அம்மா சொன்னாள்: "நீ போறியே, அந்த நர்ஸுகிட்டதான் காட்டணும். மொகம் கோணாம நடந்துக்க."

ஜூன் 10, செவ்வாய்

கர்ப்பிணிகள் நாள். 31 பேர். பெஞ்சு போதாமல் தரையில். எல்லாம் ஆம். சோப்பில் முதல் எழுத்து மழுங்கிவிட்டது.

ஒருத்தர் குழாயைத் திருகிப் பார்த்து, "வாய்க்கா நெறைய தண்ணி போய்கினு கீது, ஆஸ்பத்திரி கொழாயில காத்து வருது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சட்டம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு பெண்கள். என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள், எப்போதும் அப்படித்தான்.

"வயித்த அமுக்கினது இன்னும் வலிக்குதுடி."

"பின்ன உள்ள ஏன் நல்லா பாத்தாங்கன்னு சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? நாளைக்கு இடுப்பு வலின்னா இவங்ககிட்டதான வந்து நிக்கணும்."

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூல் பஸ். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. நின்றிருக்காவிட்டால் நானும் பத்தாவது. ஜன்னலில் செல்வி மாதிரி ஒருத்தி. செல்விதானா தெரியவில்லை, நான் குனிந்துகொண்டேன். அக்கா கல்யாணமான மாதம்தான் என் படிப்பும் நின்றது. அம்மா வேலைக்குப் போக, வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டுமே. இரண்டும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போன மாதிரி.

செய்ய வேண்டியவை: அக்காவுக்குப் பழைய நைட்டி தைக்க. பாய் உலர்த்த. புளிப்பு மாங்காய், சொல்லி வைத்தாயிற்று.

ஜூன் 11, புதன்

பஸ் போய்விட்டது. அடுத்தது பத்தேகாலுக்கு.

ஜன்னலில் என் தலை தெரிவதை நர்ஸம்மா பார்க்கவில்லை. ஐந்து பேரைப் பார்த்தார். ஒருவருக்குக்கூடக் கை கழுவவில்லை. ஒரு குழந்தையின் சீழ்ப்புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு அதே கையோடு அடுத்த அம்மாவின் வயிற்றைத் தொட்டார். பக்கெட் காலி. சோப்பு காய்ந்திருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்து ஐந்து முறை "இல்லை". பென்சிலில்.

அன்று அந்த ஐந்து பேர்தான். அவர்கள் போனதும் நர்ஸம்மா பக்கத்தில் வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"வா" என்று வெளியே கூட்டிப் போனார். ரோட்டைத் தாண்டி, முள்வேலி தாண்டி, ஒரு கைப்பம்பு. "மோட்டார் எரிஞ்சு ஏழு மாசம். தண்ணி எடுக்கிற அம்மா ரிடையர் ஆகி ஒரு வருசம், வேற ஆள் போடல. ரெண்டு நாள் உனக்காகத்தான் தூக்கினேன். இன்னைக்கு நீ வர மாட்டேன்னு நெனச்சேன்." தோளைத் தூக்கிக் காட்டினார். வலது கை காதுக்கு மேலே போகவில்லை.

"எழுது. எழுதினா என்னை மாத்துவாங்க. வேற ஒருத்தி வருவா. இந்தப் பம்பு நகர்ந்து உள்ள வருமா?"

அக்கா இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்காக எப்போதும் அவள்தான் பேசுவாள். ரேஷன் கடையில், டீச்சரிடம், பஸ் கண்டக்டரிடம். "இவளுக்கு ஒரு டிக்கெட் குடுங்க, வாய வூட்டுல வச்சிட்டு வந்துட்டா."

ஜூன் 12, வியாழன்

காற்று. துணியெல்லாம் சுரங்கத்துப் பழுப்புத் தூசி, இரண்டு முறை அலசினேன்.

19 பேர். ஆம் 7, இல்லை 12. ஏழாவது ஆளோடு பக்கெட் காலி. நர்ஸம்மா பக்கெட்டைப் பார்த்தார், தோளைப் பிடித்துக்கொண்டார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் ஸ்டூல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடிப் போய் நிரப்பினால் ஐந்து நிமிடம்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பம்புக்குப் போய் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கெட் நிறைய நாற்பத்திரண்டு அடி. திரும்பக் கொட்டிவிட்டு வந்தேன்.

இன்னும் மூன்று நாள், அக்கா வர.

ஜூன் 13, வெள்ளி

கடைசி நாள். மேடம் வந்து பென்சிலைப் பார்த்ததும், "மையில எழுதும்மா, அழிஞ்சிடும்" என்று பேனா கொடுத்தார்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செவ்வாய்க்கிழமை அக்காவைக் கூட்டி வர வேண்டும். இதே நர்ஸம்மா கையில்தான் விட வேண்டும். அந்த பஸ் ஸ்டாப் பெண் மாதிரி எல்லாவற்றுக்கும் ஆம் போட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆம் என்று அழுத்தி எழுதினால் பென்சில் தெரியாது.

இல்லை என்றே எழுதினேன். புதன் ஐந்து, வியாழன் பன்னிரண்டு, பதினேழும்.

பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில்: "குழாயில் தண்ணீர் இல்லை. பம்பு ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு பக்கெட்டுக்கு 42 அடி. நர்ஸம்மாவுக்குத் தோள் வலி. பக்கெட்டில் தண்ணீர் இருந்தால் கழுவுகிறார்."

மேடம் படித்தார். நல்லவர்தான். "பின்னாடி எழுதினதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறாதும்மா" என்றார். தாள்களை அடுக்கி கிளிப் போட்டார்.

நர்ஸம்மா வாசல் வரை வந்தார். "உன் பேரு என்ன? அஞ்சு நாளா கேக்கவே இல்ல."

"அருள்மேரி." சத்தம் வந்ததா தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வரவில்லை.

பூசை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு. குள்ளஞ்சாவடி வழியாக வருகிற கடலூர் பஸ் நாலு பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் இறங்கும் வரை. மாங்காய் பையில் சூடாகிவிட்டது.

அக்காவின் மாமியார் வீட்டில் முந்திரி உடைக்கிற வேலை முடியவில்லையாம். டெலிபோன் கடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா, "ஒன்பதாம் மாசம் வரைக்குமா உடைக்க வுடுவாங்க" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அவளுடைய சீப்பு இன்னும் ஆணியில். அதில் ஒரு முடி. எடுக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

இரண்டு மணி ஷிப்டு சங்கு ஊதும்போது அக்கா வாசலில்!

கால் வீங்கி செருப்பு நுழையவில்லை, கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். விரலெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து. மாங்காய் கொடுத்தேன். சிரித்தாள். சாப்பிட்டாள்.

ஆனால் பேசவில்லை. அங்கே எப்படி இருக்கிறாய் என்று அம்மா கேட்டால், "நல்லாதாம்மா கீறேன்." அதே இரண்டு வார்த்தை, மூன்று தடவை. வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று அப்பா திட்டுவாரே, அந்த அக்கா. ஒரு வருஷமாக இவளிடம் சொல்ல எவ்வளவு சேர்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நகத்தை நோண்டினேன்.

ஜூன் 17, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

அக்காவைக் கூட்டிக்கொண்டு நிலையம் 4. பெஞ்சில் இடம் இல்லை. என் ஸ்டூல் இல்லை, எடுத்துவிட்டார்கள். சோப்பு டப்பாவில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. பாதி எழுத்து மிச்சம். பக்கெட் காலி, கவிழ்த்து வைத்திருந்தது.

நாலு பேரைப் பார்த்துவிட்டு நர்ஸம்மா, "அடுத்தது யாரு?" என்றார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கோபமாகத் தெரியவில்லை. மாற்றல் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பேசுவேன் என்று பார்க்கிறாள். அவள்! என்னை!

"ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டுப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாற்பத்திரண்டு. தளும்பி பாவாடை எல்லாம் ஈரம்.

திரும்பி வந்தபோது அக்கா கட்டிலில் படுத்திருந்தாள். நர்ஸம்மா குனிந்துகொண்டிருந்தார். சொம்பில் மொண்டேன். டப்பாவிலிருந்து சோப்பைப் பிய்த்து எடுத்தேன். "நர்ஸம்மா, கைய நீட்டுங்க" என்றேன்.