மூன்று பட்ட மரங்களுக்கு முன்னால்

சிக்குன்குனியா காய்ச்சல் வந்து திண்டுக்கல்லே நொண்டிக்கொண்டு நடந்த வருடம் அது. வீட்டுக்கு வீடு கலர் டிவி இலவசமாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று ரேஷன் கடை வாசலில் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாம் கம்பியைப் பிடித்து முனகிக்கொண்டே இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் நீயும் நொண்டினாய். ஊரே நொண்டும்போது ஒருவன் நொண்டுவது யார் கண்ணில் படும்?

அந்த வருடம் இன்று காலை திரும்பி வந்தது. உன் மனைவி ஜெசிந்தாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வீட்டைக் காலி செய்ய உன் மகள் ரோஸ்லின் வந்திருக்கிறாள். பழைய கம்ப்யூட்டரை இரும்புக் கடைக்குப் போடும் முன் ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைத் தட்டினாள். உள்ளே விசிறி இரைந்தது. செத்த நேரத்தில் தூசி சூடேறும் வாசனை வந்தது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாடையை என் மூக்கு தேடியது. அது இல்லை.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல ரோஸ்லின்தான் எழுதுகிறாள். அவளுக்கும் தெரியாத ஒன்றை இதில் நான் சொல்லியாக வேண்டும். அதனால் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

வேடசந்தூர் மில் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் நான் கிளீனர். நீ அதில் வேலைக்குப் போய் வந்த ஃபிட்டர். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள், யாருக்கு எந்த ஷிப்ட், யார் பிள்ளை பெற்று லீவில் இருக்கிறாள் என்று ஒரு தாளும் இல்லாமல் சொல்வேன். "இவன் மண்டையத் தொறந்தா உள்ள ரோடுதான் இருக்கும்" என்று டிரைவரிடம் சொல்வாய். இருவரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் சவடமுத்து என்ற என் பேரைச் சொல்லாமல் என்னைக் கிளீனரு என்றுதான் கூப்பிட்டாய்.

ரோஸ்லின் சென்னைக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பெட்டி அந்தக் கம்ப்யூட்டர். அதற்குள் ஒரு விளையாட்டையும் விட்டுப்போயிருந்தாள். முதல் நாள் அது பேர் கேட்டது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாய்.

"என்ன மாப்ளே எழுதுன?"

"நம்ம ஆளு பேரு."

உன் பேர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து திரைக்குள் நடந்தவன் நம் இருவருக்கும் நம்ம ஆள்.

வழி கேட்டுக் கேட்டுப் போகிற விளையாட்டு அது. ஒரு மீன்காரி சொல்வாள்: பாலம் தாண்டி, இடிந்த கோபுரத்துக்கு இடது கைப்பக்கம், ஓடை பிரிகிற இடத்தில் மேடு ஏறு. நீ இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து ஒரு தடவை சொல்வாய். அதற்குப் பிறகு வழி என் பொறுப்பு, கை உன் பொறுப்பு. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஜெசிந்தா சோற்றுக்குக் கூப்பிடும் வரை நாம் திண்டுக்கல்லில் இல்லை.

நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே தூரத்தில் ஒரு மலை தெரிந்தால் அது சுவரில் வரைந்த மலை இல்லை. நடந்தால் வந்துவிடும். எந்த வீட்டுக் கதவையும் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். எந்தத் தெரு, யார் மகன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. நீ அதைக் கவனிக்கவே இல்லை. ஓட ஓடக் கால் வலுக்கும் என்பதுதான் உனக்குப் பிடித்தது. "பாருலே, நம்ம ஆளுக்குக் கால் இரும்பாயிருச்சு" என்பாய். மேசைக்கு அடியில் உன் வலது காலில் துணி சுற்றியிருக்கும்.

குறைகளையும் பேசித் தீர்த்தோம். ஒரு ஊரையே காப்பாற்றிவிட்டுத் திரும்பினாலும் வாசல் காவல்காரன் "ஒதுங்கி நில், யார் நீ" என்பான். "நம்ம மில் கேட்டுக்காரன்தான் இவன். இருவது வருசம் மூஞ்சியப் பாத்துட்டு அட்டையக் காட்டுங்கிறான்" என்றாய். ஐம்பது பேர் வந்து பேசினாலும் கேட்பது நாலு குரல்தான். வண்டிக்காரனிடம் ஊர்ப் பேரைச் சொன்னால் கண் மூடித் திறப்பதற்குள் அந்த ஊரில் இருப்போம். அதில் போக உனக்கு ஆசை. நான் விடமாட்டேன். நடுவில் இருக்கிற ரோட்டை எவன் தின்றான் என்று கேட்பேன்.

இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறை அந்த ஏரி. வடக்கே வற்றிப்போன ஏரிக்கு அடியில் ஏதோ விழித்துக்கொண்டது, உடனே வா, உடனே வா என்று எல்லா ஊரிலும் நம்ம ஆளிடம் கெஞ்சுவார்கள். நாம் போகமாட்டோம். மூலிகை பறிப்போம், அடுத்தவன் வீட்டுக் குடத்தை உருட்டி விளையாடுவோம். மூன்று மாதம் போனது. ஏரி அப்படியே இருந்தது. நாம் போய் அதற்குள் இறங்குகிற கதவைத் தொடும் வரை அங்கே ஒன்றுமே நடக்காது. முதலில் அதைச் சொல்லிச் சிரித்தோம், பிறகு அதற்குப் பழகிப்போனோம். பழகிய கண்ணுக்குக் காலில் இருந்த புண்ணும் ஏரி மாதிரிதான் தெரிந்தது.

செருப்பு ஆணி குத்திய புண். சர்க்கரை உடம்பு, அதனால் உனக்கு வலி தெரியவில்லை. நொண்டலைக் காய்ச்சல் கணக்கில் தள்ளிவிட்டாய். டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கே மதுரைக்குப் போயிருங்க. இப்பப் போனா ஒரு விரலோட முடிஞ்சிரும்" என்றார்.

ஜெசிந்தா அன்றைக்கே பையில் துணி எடுத்து வைத்தாள். நீ பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாய்.

"அந்த ஏரிக் கதவக் கண்டுபிடிச்சு முடிச்சுட்டுப் போறேன். ரெண்டே நாளு."

"வெளையாட்டு எங்க போயிரப் போகுது? வந்து வெளையாடுங்க."

"அரைகொறையா விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

அவள் என்னிடம் திரும்பினாள். "அண்ணே, நான் சொன்னாக் கேக்க மாட்டாக. அந்தக் கதவ வெரசாக் காட்டி விட்ருங்க. உங்களுக்குத் தெரியாத வழியா?"

கதவுக்கு அடையாளம் படித்துச் சொன்னாய். உப்புப் பாறை, அதற்கு முன்னால் மூன்று பட்ட மரங்கள். "இத எங்கயோ பாத்திருக்கோமே. ஓநாய் தொரத்துன அன்னைக்கு. எங்கலே அது?"

எனக்குத் தெரியும். படகுத்துறைக்கு மேற்கே, கவிழ்ந்த படகைத் தாண்டி. மரத்தின் கிளை எந்தப் பக்கம் ஒடிந்திருந்தது என்பது வரைக்கும் தெரியும்.

"நெனப்பு இல்ல மாப்ளே" என்றேன்.

இந்த இடத்தில் ரோஸ்லின் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அப்பாவுக்கு இது தெரியுமா மாமா?" என்று கேட்டாள். சொல்றேன் என்றேன். எழுந்து பின்கட்டுக்குப் போனாள். தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முகம் ஈரமாக வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க. எழுதுறேன்" என்றாள். மாமா என்று சேர்த்துச் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் அண்ணன் இதே மாதிரி ஒரு விரலுக்காக மதுரைக்குப் போய்ப் பிணமாகத் திரும்பி வந்தான். அந்தப் பயம் ஒன்று. கதவு கிடைத்துவிட்டால் மறுநாள் பத்து மணிக்கு எனக்குப் போக இடமில்லை என்பது இன்னொன்று. முதல் காரணத்தையே பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. உன் மகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவதுதான் பெரியது.

நீ சந்தேகப்படவில்லை. "உனக்கும் வயசாகுதுலே கிளீனரு" என்று சிரித்தாய். நான் நம்ம ஆளைக் கிழக்கே கூட்டிப்போனேன். சதுப்பு நிலம், அதற்கப்பால் ஒரு கலங்கரை விளக்கம், அதற்கும் அப்பால் வெறும் மணல். ஒவ்வொரு நாளும் ஜெசிந்தா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கெடச்சுச்சா அண்ணே?" என்று கேட்பாள். "நாளைக்குக் கெடச்சிரும்மா" என்பேன். அந்தத் துணிப்பை கட்டிலின் மேலேயே இருந்தது.

பதினோராம் நாள் அவள் மூக்கைச் சுளித்தாள். "எங்கயோ எலி செத்துக் கெடக்கு. செத்த அந்த பீரோவ நகட்டிப் பாருங்கண்ணே."

நகட்டினேன். இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். இல்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனேன். அங்கே வாடை அதிகமாக இருந்தது. வெளிச்சத்தைத் திருப்பினேன். உன் காலில் சுற்றியிருந்த துணி கறுத்து ஊறியிருந்தது. மேலே நீ விசைகளைத் தட்டிக்கொண்டே, "எலி கெடச்சுச்சா?" என்று கேட்டாய்.

அங்கே இருந்தபடியே சொன்னேன். "படகுத்துறைக்கு மேக்க, மாப்ளே. கவுந்த படகத் தாண்டி உப்புப் பாறை. மூணு மரமும் அங்கதான்."

விசைச் சத்தம் நின்றது.

"எப்ப நெனப்பு வந்துச்சு?"

டார்ச்சை அணைத்தேன்.

"எப்பலே?"

"போகவே இல்ல மாப்ளே."

நீ திட்டவில்லை. நம்ம ஆளை மேற்கே நடத்தினாய். வண்டிக்காரனைக் கூப்பிடவில்லை, முழு வழியும் நடத்தியே போனாய். மூன்று மரமும் வந்தன, பாறை வந்தது, கதவு வந்தது. அதைத் திறக்கவில்லை. இருந்த இடத்தை அப்படியே பதிந்துவைத்துவிட்டுப் பெட்டியை அணைத்தாய். "ஆட்டோவக் கூப்புடு" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாய்.

மதுரையில் முழங்கால் வரை எடுத்தார்கள். திரும்பி வந்து இரண்டு வருடம் இருந்தாய். கம்ப்யூட்டரை ஜெசிந்தாவின் பழைய சேலை மூடிக் கிடந்தது. நான் பத்து மணிக்கு வருவேன். காப்பி குடிப்போம். மில் பேச்சு, கோயில் பேச்சு, மழை பேச்சு எல்லாம் பேசினோம். அந்தப் பதினோரு நாளை மட்டும் நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கேட்காததால் மீன்காரி சொன்ன வழியிலிருந்து உப்புப் பாறை வரை எல்லாவற்றையும் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். இப்போது கண்ணை மூடினாலும் ஒரு திருப்பம் தப்பாமல் போய் வருவேன்.

இதுவரை எழுதிவிட்டு ரோஸ்லின் எழுந்து பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். விளையாட்டு திறந்தது. நீ பதிந்துவைத்தது அப்படியே இருந்தது. அவள் குனிந்து படித்தாள்.

"மாமா, இதுல அப்பா பேரு இல்ல."

"வேற யாரு பேரு?"

அவள் சொன்னாள். இத்தனை காலம் என் கண்ணுக்கு முன்னால் திரையில் கிடந்த பேர். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

"கதவத் தொறக்கவா மாமா?" என்று கேட்டு, விசையில் ஒரு கை விரலை வைத்து, மறு கையால் இதையும் எழுதிக்கொண்டே காத்திருக்கிறாள். அன்று இந்த அறையில் இருந்தவர்களில் நீ இல்லை. ஜெசிந்தாவும் இல்லை. மூன்று பட்ட மரங்களுக்கு முன்னால், இரண்டு காலும் திடமாக, கதவைப் பார்த்தபடி ஒருவன் மட்டும் உயிரோடு நிற்கிறான். சவடமுத்து.