ரெண்டு டின்னும் நியூட்டன் கட்சியும்

மார்ச் 4
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். புவியீர்ப்புப் பாடமே தப்பு என்று இன்று இணையத்தில் போட்டுவிட்டேன். மகள் இருக்கிற அறிவியல் குழுவில். வெளியூரில் இயற்பியல் படிக்கிறாள். என்னோடு பேசுவதைவிட அங்கேதான் அதிகம் பேசுகிறாள் என்று நானும் போய் ஒட்டிக்கொண்டேன்.

கனமானதும் லேசானதும் ஒன்றாக விழுமாம். பெயிண்டர் நான், கைதவறாத சாமானா? டின் தொம்மென்று விழும், பழைய பேப்பர் ஆடி அசைந்து வரும். "நியூட்டன் கட்சிக்காரங்க ஒரு நாள் என்னோட சாரம் ஏறட்டும்" என்று முடித்தேன்.

மார்ச் 5
கழுவி ஊற்றுகிறார்கள். ஒருத்தர் எத்தனாவது வரை படித்தேன் என்று கேட்டார். "அஞ்சாவது. நீங்க எத்தனாவது மாடி வரைக்கும்?" என்றேன். அதற்கு மட்டும் எல்லாரும் சிரிப்பு.

மகள் ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 7
போன் செய்தாள்.

"அப்பா, அங்க நான்தான் அட்மின். உங்களைத் தூக்கச் சொல்றாங்க."

"தூக்கேன்மா, அறுபது கிலோதான்."

சிரிக்கவில்லை. "புரியலன்னு கேளுங்க, நாள் முழுக்கச் சொல்றேன். புரியறதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்றீங்களே. பேப்பரைக் காத்து தாங்கும்பா. ஒரே அளவு டின் ரெண்டு, ஒண்ணு முழுசு, ஒண்ணு பாதி. சேர்த்துப் போட்டுப் பார்த்திருக்கீங்களா?"

இல்லை. இத்தனை வருஷமும் ஒவ்வொன்றாகத்தான் கைதவறியிருக்கிறது.

நான் யாரென்று அங்கே அவள் சொல்லவில்லை. அதுதான் — சரி விடு.

மார்ச் 10
வேலை நடக்கிற வீட்டு மொட்டை மாடி. கீழே மணல் குவியல். மணலுக்குப் பக்கத்தில் செங்கல் மேல் போனைச் சாய்த்து வைத்து, தீர்ப்பு சொல்ல மச்சானை நிறுத்தினேன். என் சம்சாரத்தின் தம்பி, என்னோடுதான் வேலை.

"மச்சான், கொஞ்சம் தள்ளி நிக்கவா?" என்றான்.

"கிட்ட நில்லுடா. நடுவர் எங்கயாவது தள்ளி நிப்பாரா?"

மாடி ஓரத்தில் நின்றேன், இரண்டு கையிலும் பச்சை பெயிண்ட் டின். ஒரே நேரத்தில் விட்டேன்.

ஒரே சத்தம்.

மச்சான் கீழிருந்து ஒற்றை விரலைக் காட்டினான்: ஒண்ணாத்தான் விழுந்தது.

மார்ச் 11
"நான் சொன்னது தப்பு. ஆனா ஏன் ஒண்ணா விழுதுன்னு புரியல, யாராவது சொல்லுங்க" என்று எழுதி, வீடியோவையும் வெட்டாமல் போட்டேன். பதில் முதலில் மகளிடமிருந்துதான் வந்தது. பெரிய பதில். பாதி புரிந்தது. கடைசி வரி முழுசாகப் புரிந்தது: "இவர் என் அப்பா. பச்சையாக நிற்பது என் மாமா."

முழு டின்னின் மூடியை நான் அழுத்தி மூடவில்லை.