வாத்தும் சிலந்தியும் ஒரு வலது கையும்

மார்ச் 3

நான் டீச்சராக இருந்த காலத்தில், எட்டாம் வகுப்பில் வரைபடம் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், இதெல்லாம் பின்னாடி எதுக்கு உதவும்?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி. இன்று அதே கேள்வியை நான் பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கேட்டேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருடைய வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடக்கிறது. ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னால், "நான் என்ன கைக்குழந்தையா?" என்று தூக்கி எறிகிறார். அதுவும் இடது கையால். முப்பது வருடம் ஆகாயத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டிய மனிதர்.

அந்தப் பெண் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள். "இந்த ரெண்டு மூணு மாசத்துல கைக்கு வேலை குடுக்கலைன்னா அப்புறம் ரொம்ப கஷ்டம், டீச்சரம்மா." பிறகு ஒரு கணினி விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். இலவசமாம். எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு ஒரே காட்டில் அலைவார்களாம். வலது கையில் மவுஸ் பிடித்தே ஆகவேண்டும்.

"விளையாட்டு எதுக்கு உதவும்?" என்றேன்.

"இது பயிற்சின்னு அவருக்குத் தோணாது. அதுக்குத்தான்."

மார்ச் 4

படிக்காமல் பாடம் நடத்தப் போகிற ஆள் இல்லை நான். முதலில் நானே விளையாடிப் பார்ப்பது என்று முடிவு.

விளையாட்டு கணினியில் இறங்கி முடிக்கவே மதியம் முழுதும் ஆயிற்று. முகம், மூக்கு, முடி எல்லாம் நாமே தேர்ந்தெடுக்கலாம். பெயரில்தான் தகராறு. "டீச்சர்" என்று ஏற்கெனவே யாரோ இருக்கிறார்! கடைசியில் "பழைய டீச்சர்" ஆனேன். வாள், வில், வைத்தியம் மூன்றில் எந்த வேலை என்று கேட்டது. வைத்தியம். யோசிக்கவே இல்லை.

ஊர் எல்லையில் ஒரு பெரியவர் நின்றுகொண்டு காளான் பறித்து வரச் சொன்னார். முழுவதும் பொறுமையாகப் படித்துவிட்டு, "சரிங்க ஐயா, முடித்துவிட்டு வருகிறேன்" என்று தட்டச்சு செய்தேன். அவர் மறுபடியும் காளான் பறித்து வரச் சொன்னார். மறுபடியும் சரி என்றேன். அந்தப் பக்கமாக ஓடிய முகமூடிக்காரன் ஒருவன் நின்று எழுதினான்: "அது மெஷின், பாட்டி."

நான் பாட்டி என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது?

இலவசம் என்கிறார்கள், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தங்க நிறத்தில் ஒரு கடை தானாகத் திறக்கிறது. குதிரை வாங்கு, தலைப்பாகை வாங்கு என்று உயிரை எடுக்கிறது. அதை மூடக் கற்றுக்கொண்டதுதான் இன்றைய பாடம்.

மார்ச் 5

ஒரு வாத்து என்னைக் கொன்றுவிட்டது.

மார்ச் 6

அதே வாத்து. அதே முடிவு.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வாத்துகிட்டயா?"

பாதி வாய்தான் சிரித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு முதல் சிரிப்பு. "உக்காந்து சிரிக்கிறது ஈசி. நீங்க வந்து அடிங்க பாப்போம்" என்றேன். வரவில்லை. ஆனால் நாற்காலியை இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

வாத்து ஒழிந்தது, மாலையில்.

மார்ச் 9

வந்துவிட்டார்!

மகள் விட்டுப்போன லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் என் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவை இடிக்கிற உயரத்தில் ஒரு வாள்காரனைத் தேர்ந்தெடுத்து, "மேலிடம்" என்று பெயர் வைத்தார். வேலையிடத்தில் அதுதான் அவருக்குப் பட்டப்பெயர்.

இடது கை நடக்கவைத்தது. வலது கைதான் வாளை வீசவேண்டும். விரல்கள் மவுஸ்மேல் இருந்தன, அவ்வளவுதான். என் கையை அதன்மேல் வைத்து அழுத்தினேன். எதிரே வந்த காட்டுப்பன்றி செத்தது.

மார்ச் 14

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்று நினைத்தேன். அவருக்குப் பின்னாலேயே போகிறேன். அடி விழுவதற்கு முன்பே பச்சை ஒளியை ஊற்றிக் காயத்தை ஆற்றிவிடுகிறேன். விரல் தயங்கினால் நானே அழுத்துகிறேன்.

இன்று அந்தப் பெண் ஒரு கருவியைக் கொடுத்து அவர் வலது கைப்பிடியின் பலத்தை அளந்தாள். முள் அசையவில்லை.

"டீச்சரம்மா, மவுஸை யார் அமுக்குறது?"

சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16

சண்டை. பாலத்தில் ஒரு ஓநாய். அது பாய்வதற்குள் என் பச்சை ஒளி போய் அவர்மேல் விழுந்தது. என் கையும் அவர் கைமேல். அவர் கையை உருவிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார்:

"என்னை ஒரு தடவ சாக விடேன்."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். விளையாட்டைத்தான் சொன்னார். தெரியும். தெரிந்தா என்ன? ஆஸ்பத்திரி வராந்தாவில நான் எத்தன பேர்கிட்ட கெஞ்சினேன்னு இந்த மனுஷனுக்குத் தெரியுமா?

சரி. அழுதாயிற்று. இனி என்ன செய்வது? கணக்கைக் கரும்பலகையில் நானே போட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகள் எப்போது போடுவார்கள்? இது எனக்குத் தெரியாத பாடமா?

மார்ச் 17

ஒப்பந்தம். நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அவர் கூப்பிட்டால் மட்டும் வைத்தியம். அவர் மவுஸை நான் தொடமாட்டேன்.

ஓநாய் கொன்றது. மறுபடியும் கொன்றது. மறுபடியும். நான் என் கைகள்மேல் உட்கார்ந்துகொண்டேன், நிஜமாகவே.

"மூச்சு விடுற சத்தம் தாங்கல. போய் காய் நறுக்கேன்" என்றார். போனேன்.

மார்ச் 22

ஓநாய் செத்தது! நான் பார்க்கவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "டீச்சர்" என்று ஒரு கத்தல்.

ஏப்ரல் 2

சிலந்திக் குகை. இந்த முறை விழுந்தது நான்.

விழுந்தால் திரை சாம்பல் நிறமாகிவிடும். எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. கூட வந்தவர்தான் தூக்கவேண்டும். நம்மேல் மவுஸை வைத்து, ஒரு வட்டம் நிறையும்வரை விரலை எடுக்காமல் அழுத்தவேண்டும். விரல் நழுவினால் வட்டம் முதலிலிருந்து.

முதல்முறை கால் வட்டம். நழுவியது. பிறகு அரை. நழுவியது. பக்கத்து நாற்காலியில் அவர் சுட்டுவிரல் நடுங்குவது தெரிகிறது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். 'விடுங்க, குகை வாசல்ல இருந்து மறுபடி வந்துக்கலாம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நெற்றியில் வேர்வை. முக்கால் வட்டம். போச்சு.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

வட்டம் நிறைந்தது. என் திரையில் நிறம் திரும்பியது. அந்தச் சின்ன வைத்தியச்சி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்து கையைப் பார்த்தார். "எத்தன டன் தூக்கியிருக்கேன். ஒரு டீச்சரைத் தூக்க இந்தப் பாடு."

ஏப்ரல் 11

இன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். சட்டையைத் தானே போட்டுக்கொள்ளப் போகிறாராம். வெளியே ஆட்டோ காத்திருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். உள்ளே போகாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று எழுதப்போவதில்லை.

வெளியே வந்தார். எல்லாப் பொத்தானும் ஒரு துளை தள்ளி. ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தொங்கி. அப்படியே போனோம்.

முள் அசைந்தது. கொஞ்சம்தான், ஆனால் அசைந்தது. சந்தோஷத்தில் அந்தப் பெண்ணின் கை தானாக அவர் சட்டையைச் சரிசெய்யப் போனது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் கிரேனைப் பார்த்து, ஓட்டுகிறவனுக்கு அவசரம் ஜாஸ்தி என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை என்றாவது யாராவது படித்தால்: உங்கள் பக்கத்தில் ஒருவர் பொத்தானோடு மல்லுக்கட்டும்போது, உங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பாருங்கள்.