பாடகர் இல்லாத தட்டு

மொன்ட்ரியால்-நோர்
12 ஒக்ரோபர் 2024

அன்புத் தங்கச்சி ஜெயனிக்கு,

இங்கே முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உங்கள் தீவில் நீங்களும் வலன்ரைனும் குளிருக்கு ஆயத்தமாகியிருப்பீர்கள்.

நீங்கள் பழைய தட்டுக் கடைக்காரரிடம் விட்டுப்போன இசைத்தட்டும் உறைக்குள் இருந்த கடிதமும் சனிக்கிழமை கிடைத்தன. அந்தக் கடையில் அறிமுகமான நாம் இருவரும் தட்டை மாற்றிக் கேட்பதும் உறைக்குள் கடிதம் வைப்பதும் எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. ரெலிபோனில் கதைக்க இப்போது மனம் வருவதில்லை. எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள்.

இளவயதில் எனக்குக் கிடைத்த றொக் இசையெல்லாம் பெயர் எழுதாத கசெற்றுகளில்தான் வந்தது. அதனால் தட்டுகளுக்கு நானே பெயர் வைத்துப் பழகிவிட்டேன். உங்கள் தட்டின் உறையில் கடற்கரையில் மூன்று கதிரைகள் கிடக்கின்றன. ஆகவே அது ‘மூன்று கதிரை’. உள்ளதைச் சொன்னால் கோபிக்கக்கூடாது. “இப்படி ஒரு பாடகரை வாழ்க்கையில் கேட்டிருக்கமாட்டீர்கள், அழுவீர்கள்” என்று எழுதியிருந்தீர்கள். கிற்றார் அருமை, மறுக்கவில்லை. ஆனால் பாடகர் எங்கே? முதற்பக்கம் முழுக்கத் தேடினேன். பக்கத்து வீட்டில் யாரோ கதைப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான்.

என் பங்குக்கு இத்துடன் ‘ஏணி’யை அனுப்புகிறேன். 1966இல் வந்தது. டிரம்ஸ்காரர் கடன்காரன் கதவைத் தட்டுவதுபோலத் தொடங்குவார், பிறகு ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். எல்லாரும் ஒரே அறையில் நெருக்கியடித்து நின்று வாசிக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் பாதி வேலையோடு நிறுத்திவிட்டார்கள் என்பது என் எண்ணம். கட்டாயம் கேளுங்கள்.

என் மனைவி கௌரி இன்னும் புரோசார்டில் மகள் சாம்பவி வீட்டில்தான். ஜூனில் ஒரு சொல் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பேரனோ கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போய்வருகிறான். சண்டை பிடித்துவிட்டுப் போயிருந்தாலாவது ஒரு காரணம் இருக்கும். யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது.

உங்கள் அண்ணை,
உருத்திரமூர்த்தி


இல்-பிசார்
27 ஒக்ரோபர் 2024

மூர்த்தி அண்ணைக்கு,

கோபிக்கக்கூடாது என்று எழுதினீர்கள். கோபித்துவிட்டேன்.

‘ஏணி’யைப் பஸ்ஸில் கொண்டுவரும்போதே மடியில் வைத்து உறையைத் தடவிக்கொண்டு வந்தேன். வந்த அன்றே கேட்டேன். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டை வலன்ரைன் கெஞ்சும்வரை திரும்பத் திரும்பப் போட்டேன். நீங்கள் சொன்னது சரி, அருமையான தட்டு. இதைத்தான் கேட்பது என்பார்கள். நீங்கள் என் தட்டைக் கேட்கவே இல்லை.

பாடகர் எங்கே என்று கேட்கிறீர்கள். அந்தத் தட்டில் அவரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மூன்றாவது பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் அந்த மனிதர் மூச்சை உள்ளே இழுப்பார். பாட முடியாமல் நிற்கிறாரோ என்று இருக்கும். பிறகு பாடிவிடுவார். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் அந்தத் தட்டை இத்தனை வருடமாக வீடு வீடாகக் காவித்திரிகிறேன்.

உங்களுக்குப் பகிடியாக இருக்கலாம். கோயிற்பற்றில் பெண்கள் றொக் கேட்கிறவள் என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கட்டின மனுசன் வலன்ரைன், “உன்ர இரும்புக்கடையைத் திறந்திட்டியோ?” என்று கேட்கிறார். கடையில் றொக் கேட்கிற தமிழர் ஒருவர் கிடைத்தார், கேட்டு இரண்டு வார்த்தை சொல்வார் என்றுதான் உங்களுக்குத் தந்தேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். போன மாதம் கடையில் உங்கள் பக்கத்தில் நின்று, “அண்ணை, இது கேட்டிருக்கிறியளோ?” என்று ஒரு தட்டைக் காட்டினேன். நீங்கள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. திரும்பவும் கேட்டேன். அப்போதும் அப்படியே நின்றீர்கள். பிறகு வாசலில் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தீர்கள். நீங்கள் எந்த மாதிரி மனிதர் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு சொல் சொல்லாமல் எந்தப் பெண்ணும் பெட்டி கட்டமாட்டாள், அண்ணை. கௌரி அக்காவை எனக்குத் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன்.

ஜெயனி


மொன்ட்ரியால்-நோர்
16 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் சுட்டது. கடையில் நீங்கள் என்னிடம் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. கேட்டிருந்தால் பேசாமல் நிற்கிற ஆள் நானில்லை. வாயை மூடச் சொல்லித்தான் என்னிடம் ஆட்கள் கேட்பார்கள்.

‘மூன்று கதிரை’யைத் திரும்பவும் கேட்டேன். எங்கள் தொடர்மாடியில் தளம் மெல்லியது. சத்தம் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் இடிப்பார். அதனால் எப்போதும் ஹெட்போனில்தான் கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் மூன்றாவது பாட்டுக்குக் காத்திருந்தேன். கிற்றார் வந்தது, டிரம்ஸ் வந்தது. பாடகரையும் காணவில்லை, மூச்சையும் காணவில்லை. வேறு பதிப்பாக இருக்கும் என்று சொல்வதற்கும் வழியில்லை. உங்கள் தட்டே என் கையில் இருக்கிறது. அப்படியானால் நம் இருவரில் ஒருவருக்கு மூளை பிசகிவிட்டது. யாருக்கு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

போன கிழமை புரோசார்டுக்குப் போனேன். கௌரியோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டேன். அவள் வாயே திறக்கவில்லை. பொறுக்கமுடியாமல், “ஏன் ஒண்டும் கதைக்காமல் இருக்கிறீர்?” என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கோப்பையோடு எழும்பிப் போய்விட்டாள். சாம்பவி சொல்கிறாள்: “அப்பா, அம்மா இப்பதானே உங்களோட கதைச்சவ.” எப்போது கதைத்தாள்? தாயும் மகளும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்கப் பார்க்கிறார்களோ என்று யோசித்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள்.

அண்ணை,
உருத்திரமூர்த்தி


இல்-பிசார்
8 டிசம்பர் 2024

அன்புள்ள மூர்த்தி அண்ணைக்கு,

முதலில் மன்னிப்பு. பிறகு செய்தி.

வலன்ரைனுக்கு ஹொக்கி பார்க்க நிலக்கீழ் அறையில் சத்தம் காணாதாம். என்னைக் கேட்காமல் என் ஒலிபெருக்கியில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரியாது. அதே ‘மூன்று கதிரை’ கடையில் இன்னொன்று கிடந்தது, உங்கள் மீதிருந்த கோபத்தில் வாங்கி வந்திருந்தேன். அதைப் போட்டேன். கிற்றார் வந்தது, டிரம்ஸ் வந்தது. பாடகரைக் காணவில்லை, அண்ணை. பக்கத்து வீட்டில் யாரோ கதைப்பதுபோல ஒரு சத்தம் மட்டும். நீங்கள் எழுதியது வரிக்கு வரி அப்படியே.

பிறகுதான் அலுமாரிக்குப் பின்னால் வெறும் வயர் தொங்குவதைக் கண்டேன். கீழே போய்ச் சண்டைபிடித்து ஒலிபெருக்கியை மீட்டுவந்து பூட்டினேன். பாடகர் திரும்பி வந்தார். அந்தக் காலத்தில் ஸ்டீரியோ என்கிற இரண்டு பக்க ஒலிப்பதிவு புதுசு. ஒருவரை இந்த ஓரம், மற்றவரை அந்த ஓரம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பாடகர் முழுக்க இடப்பக்கம். கிற்றார் வலம்.

ஆகவே உங்கள் மூளைக்கும் என் மூளைக்கும் பழுதில்லை. உங்கள் ஹெட்போனில் இடப்பக்கம் செத்துவிட்டது. நம்பாவிட்டால் அதைத் திருப்பி, அதன் இடப்பக்கத்தை வலக்காதில் வைத்துப் பாருங்கள். அப்போதும் பாடகர் எந்தப் பக்கத்திலும் வரமாட்டார். பிறகு போய் நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

உங்களைப் பொய்யர் என்று நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது. நத்தார் கேக் சுட்டதும் கடையில் ஒரு துண்டு விட்டுப்போகிறேன். கடைக்காரர் தின்றுவிட்டால் நான் பொறுப்பில்லை.

ஜெயனி


மொன்ட்ரியால்-நோர்
4 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

கேக் முழுதாக வந்து சேர்ந்தது. வலன்ரைனுக்கும் உங்களுக்கும் புதுவருட வாழ்த்து.

நீங்கள் சொன்னபடி ஹெட்போனைத் திருப்பிப் போட்டேன். ஆள் வந்துவிட்டார். நீங்கள் சொன்ன பாடகர் வந்துவிட்டார். வலக்காதுக்குள் நின்று பாடுகிறார். மூன்றாவது பாட்டில் அந்த மூச்சையும் கேட்டேன். நான் அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் இப்போது கிற்றாரைக் காணவில்லை.

நேராகப் போட்டால் கிற்றார்காரர் இருக்கிறார், பாடகர் போய்விடுகிறார். திருப்பினால் பாடகர் இருக்கிறார், கிற்றார்காரர் போய்விடுகிறார். இருவருக்கும் கோபமோ, ஒருவர் இருக்கும் இடத்தில் மற்றவர் வரமாட்டாரோ தெரியவில்லை. பழுது ஹெட்போனில்தான் என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் இதே கதை. மற்றத் தட்டுகளை எடுத்துப் போட்டேன். சிலதில் வயலின் போகிறது, ஒன்றில் பாதிப் பாட்டுக்கு டிரம்ஸ் போகிறது. ‘ஏணி’யில் மட்டும் எப்படிப் போட்டாலும் எல்லாரும் நிற்கிறார்கள்.

நான் ஒன்றும் விளங்காமல் இருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது விளங்குகிறதா? விளங்கினால் மறைக்காமல் எழுதுங்கள்.

அண்ணை,
உருத்திரமூர்த்தி


இல்-பிசார்
18 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இதை இருந்து வாசியுங்கள். பஸ்ஸில் வாசிக்கவேண்டாம்.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். இரண்டு ஹெட்போனும் நல்லவை. தட்டுகளும் நல்லவை. திருப்பிப் போட்டதும் பாடகர் வந்தாரே, அப்போதே ஹெட்போனின் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. வலக்காதுக்குள் எது வருகிறதோ அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் இடக்காது கேட்கவில்லை, அண்ணை. ‘ஏணி’ பழைய ஒற்றைப் பதிவு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சத்தம். அதுதான் உங்களுக்கு அதில் எல்லாரும் ஒரே அறையில் நிற்கிறார்கள், மற்றவர்கள் பாதி வேலையோடு நிறுத்திவிட்டார்கள்.

கடையில் அன்று நான் உங்கள் இடப்பக்கம் நின்றேன். யோசித்துப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் உங்களைப் பெருமைக்காரர் என்று நினைத்து ஒரு மாதம் திட்டினேன்.

காது வைத்தியரிடம் போங்கள். போகுமுன் ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் கௌரி அக்கா எந்தப் பக்கம் இருப்பார்?

உங்கள் தங்கச்சி,
ஜெயனி


மொன்ட்ரியால்-நோர்
22 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி ஜெயனிக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்கவேண்டாம். முதலில் உங்கள் மீது கோபம் வந்தது. எனக்கா செவிடு என்று கடிதத்தை மேசைக்குள் போட்டு மூடினேன். பிறகு பயம் வந்தது. பிறகுதான் வைத்தியரிடம் போனேன்.

அந்தப் பெண் பிள்ளை என்னை ஒரு சிறு அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். வலப்பக்கம் தூக்கினேன். பிறகு கனநேரம் சும்மா இருந்தேன். இடப்பக்கம் எப்போது தொடங்குவாள் என்று காத்திருந்தேன். அவள் அதை முடித்துவிட்டாளாம். நான் வேலைசெய்த தொழிற்சாலையைப் பற்றி விசாரித்து, கம்பி வெட்டும் இயந்திரம் எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டாள். இடப்பக்கம். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும், அதனால்தான் எனக்குத் தெரியவில்லை என்றாள். கருவி வைத்தாலும் பெரிதாகப் பலனில்லையாம். வலக்காதும் சற்று மந்தம், இடப்பக்கத்து மெல்லிய பேச்சு அதற்கும் எட்டாதாம்.

‘மூன்று கதிரை’யை இத்துடன் திருப்பித் தருகிறேன். இனி நீங்கள் தரும் தட்டுகளில் இடப்பக்கம் என்ன நடக்கிறது என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

போன ஞாயிறு புரோசார்டுக்குப் போனேன். கௌரி வழக்கம்போல மேசையில் என் இடப்பக்கம் இருந்தாள். எங்கள் வீட்டில் அடுப்புக்குக் கிட்ட என்று அவள் பிடித்த இடம், மகள் வீட்டிலும் அதே பக்கம். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு மற்றப் பக்கம் போய் இருந்தேன். அவள் முகம் கறுத்துவிட்டது. “இப்ப பக்கத்தில இருக்கவும் பிடிக்கேல்லையோ?” என்றாள். எத்தனை நாளுக்குப் பிறகு அவள் சொன்ன ஒன்று எனக்கு முழுதாகக் கேட்டது தெரியுமா?

“இந்தக் காது செத்துப்போச்சு, கௌரி” என்று தொட்டுக் காட்டினேன்.

அவள் நம்பவில்லை. “காது கேக்காத ஆளோ இவ்வளவு நாளும் பாட்டுக் கேட்டவர்?” என்றாள். பாடகர் காணாமல்போன கதையைச் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு எழும்பி என் பின்னால் போனாள். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டு இருந்தேன். நிமிர்ந்தபோது, சமையலறை வாசலில் அகப்பையோடு நின்ற சாம்பவி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். திரும்பினால் கௌரி என் இடத்தோளுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறாள்.

“என்ன சொன்னனீர்?” என்று கேட்டேன்.

அவள் சுற்றி வலப்பக்கம் வந்து இருந்தாள். “ஜூனில கேட்டதைத்தான் திருப்பிக் கேட்டனான்” என்றாள். “மகளிட்டைப் போகட்டே, இல்லை உங்களோட இருக்கட்டே எண்டு. அண்டைக்கும் இப்பிடித்தான் சோத்தைக் குழைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்.”

தங்கச்சி, ஒரு சொல் சொல்லாமல் போனாள் என்று உங்களுக்கு எழுதியவன் நான். இரும் என்று சொல்லியிருப்பேன். கேட்டிருந்தால் சோற்றுக் கையோடு எழும்பி நின்று சொல்லியிருப்பேன். அதைப் போன ஞாயிறு மேசையில் சொன்னேன். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். வருவாளோ மாட்டாளோ, எனக்கு இன்னும் தெரியாது.

வெளிக்கிட்டபோது தானும் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்புவரை வந்தாள். பாதை ஓரமெல்லாம் பனி உருகி வழுக்கியது. பழக்கத்தில் என் இடப்பக்கம் நடந்து வந்தவள், சந்தி திரும்பும் இடத்தில் நின்றாள். வழுக்கிவிட்டதாக்கும் என்று நானும் நின்றேன். அவள் எனக்குப் பின்னால் சுற்றி வந்து வலப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். பஸ் வரும்வரை அவள் அந்தப் பக்கமே நின்றாள்.

உங்கள் அண்ணை,
உருத்திரமூர்த்தி